பதினைந்துக்கு நான்கு

இனிமேல் விடைத்தாள் திருத்தும் வேலை உங்கள் மூன்று பேருடையது. என் கண்கள் போதும் என்று சொல்லிவிட்டன, நானும் சரி என்று எழுந்துவிட்டேன். போகிற போக்கில் அறிவுரை அள்ளி வீசுகிற ஆள் நான் இல்லை. வீசினாலும் நீங்கள் கேட்கப் போவதில்லை. உங்கள் வயதில் நானும் கேட்டதில்லை. ஆனால் அடையாள அரசியல் பற்றிய கேள்விக்கு விடை எழுதப் பழக்கும்போது நான் செய்த ஒரு தவறை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். அதை நீங்களும் செய்வீர்கள் என்பது எனக்கு ஏறக்குறைய நிச்சயம். ஏனென்றால் பார்வைக்கு அது தவறு மாதிரியே இருக்காது, நல்ல பயிற்சி மாதிரித்தான் இருக்கும்.

அரசுக் கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்ற பிறகுதான் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், இந்த உரக்கடை மாடியில், வகுப்பை ஆரம்பித்தேன். குரூப் ஒன் முதல்நிலைத் தேர்வில் தேறியவர்களுக்கு அடுத்த கட்டமான முதன்மைத் தேர்வில் விடை எழுதப் பழக்குவதுதான் வேலை. எல்லோரும் படித்துவிட்டுத்தான் வருவார்கள். எழுதத்தான் வராது. அதிலும் சாதி, மதம், மொழி, பழங்குடி என்று வருகிற கேள்வி என்றால் ஒருவர் மேடைப் பேச்சு எழுதுவார், இன்னொருவர் பயந்துபோய்ப் பாடப்புத்தகத்தை அப்படியே ஒப்பித்து வைப்பார்.

இந்தப் பயம் எனக்கும் உண்டு, அதற்கு ஒரு காரணமும் உண்டு. கல்லூரியில் சேர்ந்த புதிதில் ஒரு திருத்தும் முகாமுக்குப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு மூத்த பேராசிரியர். பெயர் வேண்டாம், மனிதர் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறார். என் கையில் இருந்த தாளை எட்டிப் பார்த்து, நான்கு வரி படித்தார். "இவன் இன்ன ஆளு. கோவத்துல எழுதிக்கினு கீறான்" என்றார். எழுதியவனின் ஊர் முதற்கொண்டு சொன்னார். தாளில் பெயர் கிடையாது, எண்தான். "இதையே வேற எவனாவது திருத்துனா ரெண்டு மார்க் கம்மி பண்ணுவான். பசங்க கிட்ட சொல்லி வை, தாள்ல ஆளே தெரியக்கூடாது." எனக்கு அது வேதவாக்காகப் பட்டது. வருடக் கணக்கில் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

வகுப்பு ஆரம்பித்ததும் அதை ஒரு ஆட்டமாகவே ஆக்கிவிட்டேன். சனிக்கிழமை தோறும் ஐந்து தாள்களை எடுத்துக்கொள்வேன். பெயர் சொல்லாமல் நானே உரக்கப் படிப்பேன். எழுதியவர் எந்தச் சாதி, எந்த மதம், எந்தப் பக்கம் என்று வகுப்பு கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டால் எழுதியவருக்கு ஐந்து மதிப்பெண் போச்சு. கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் நல்ல விடை. முப்பது பேரும் ஆசையாக ஆடுவார்கள். சனிக்கிழமைக்காகவே வருகிறோம் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கும் பெருமைதான். பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் வகுப்பில் அலமேலு இருந்தார். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர். மலையிலேயே ஒரு பள்ளி விடுதியில் காப்பாளர் வேலை. முப்பத்தெட்டு முடிந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. வயது வரம்புப்படி அவருக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அதை அவரே முதல் நாள் சொல்லிவிட்டார். "இந்த வாட்டி வரலன்னா அவ்ளோதான் சார். அதனால என்னிய நல்லா திட்டுங்க, பரவால்ல." தேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது வகுப்பைத் தினசரி ஆக்கினோம். அவர் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, முதல் பேருந்தில் இறங்கி, ஜன்னலோரம் கடைசி வரிசையில் வந்து உட்காருவார்.

அந்தச் சனிக்கிழமைக் கேள்வி: இந்திய ஜனநாயகத்தை அடையாள அரசியல் வலுப்படுத்துகிறதா, பலவீனப்படுத்துகிறதா? பதினைந்து மதிப்பெண். மூன்றாவதாக நான் எடுத்த தாள் இப்படி ஆரம்பித்தது.

"அடையாளம் என்பது சிலருக்கு அரசியல். சிலருக்கு அது ஒரு சான்றிதழ். மலையிலிருந்து வருகிற ஒரு பெண் சான்றிதழ் கேட்டுப் போனால், உன்னைப் பார்த்தால் மலைக்காரி மாதிரி இல்லையே என்கிறார்கள். அதே வாரம் அவள் வீடு வாடகைக்குக் கேட்டுப் போனால் மலைக்காரிக்குக் கிடையாது என்கிறார்கள். அடையாளத்தை நிரூபிக்கச் சொல்வதும் இதே சமூகம்தான், மறைக்கச் சொல்வதும் இதே சமூகம்தான்."

முதல் பத்தியை நான் முடிக்கவில்லை. நைனார்பாளையத்திலிருந்து வரும் தனசேகர் கையைத் தூக்கிவிட்டான். விவசாயக் குடும்பம், இருபத்தேழு வயது, வகுப்பிலேயே கெட்டிக்காரன், வாயும் ஜாஸ்தி.

"மலை சார். இதுக்கு ரெண்டு வரியே போதும்."

சிரிப்பு. முப்பது தலையும் ஜன்னல் பக்கம் திரும்பியது. நடு வரிசையிலிருந்து யாரோ, "சர்ட்டிபிகேட் கெடச்சவங்களுக்கு இன்னா சார் கவலை, கட் ஆஃப் தான் கம்மியாச்சே" என்றார்கள். அதற்கும் சிரிப்பு.

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதைக் கேளுங்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் இரண்டு தாள் பாக்கி. "கண்டுபிடிச்சாச்சு, அஞ்சு மார்க் போச்சு" என்று சொல்லி, வழக்கம்போல் பலகையில் எழுதினேன். பதினைந்துக்கு நான்கு. அடுத்த தாளை எடுத்துவிட்டேன். கட் ஆஃப் பற்றிப் பேசியது யார் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பத்து நிமிடம் போயிருக்கும், அவ்வளவுதான். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தினேன்.

மறுநாள் அலமேலு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கோபம், தணிந்தால் வருவார் என்று விட்டுவிட்டேன். நான்காம் நாள் போன் செய்தேன், எடுக்கவில்லை. மலையில் டவர் கிடைக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடையாள அரசியல் முடிந்து பொருளாதாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து வாரத்தில் முடிக்க வேண்டிய பாடம் மலைபோல் கிடந்தது, ஒருவருக்காக முப்பது பேரை நிறுத்த முடியுமா என்று கேட்டால் எல்லோரும் முடியாது என்றுதான் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

பத்தாம் நாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போன பிறகு பர்வீன் வந்து நின்றார். மணலூர்பேட்டைக்காரர், அதிகம் பேசமாட்டார்.

"சார், அலமேலு அக்கா வரமாட்டாங்க."

"ஏன், உங்க கிட்ட சொன்னாங்களா?"

"சொல்லல சார். எனக்குத் தெரியும். போன வருசம் என்னிய ரெண்டு வாட்டி கண்டுபிடிச்சாங்க இல்ல, அதுக்கப்புறம் நான் என் தாள்ல எதையுமே எழுதறதில்ல. அதான் நல்ல மார்க்கு போடறீங்க. அக்காவால அப்டி எழுத முடியாது."

அவ்வளவு சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. அலமாரியில் இருந்த பர்வீனின் தாள்களை எடுத்து வரிசையாகப் படித்தேன். உண்மைதான். ஒரு வருடத்துக்கு முந்தைய தாள்களில் ஒரு ஆள் இருந்தார், வாதம் இருந்தது, கோணல்மாணலாக இருந்தாலும் உயிர் இருந்தது. பிந்தைய தாள்களில் 'ஒருபுறம் நன்மைகள் உள்ளன, மறுபுறம் தீமைகளும் உள்ளன' என்பதைத் தவிர ஒரு மண்ணும் இல்லை. அத்தனைக்கும் பதினைந்துக்குப் பத்து, பத்தரை என்று நான்தான் போட்டிருந்தேன். என் கையெழுத்தைப் பார்க்க எனக்கே எரிச்சலாக இருந்தது.

பதினோராம் நாள் வகுப்புக்கு விடுமுறை சொல்லிவிட்டேன். வெள்ளிமலைப் பேருந்தில் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி வளைவு ஏற ஆரம்பித்ததும் காது அடைத்துக்கொண்டது. என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். இருபத்தெட்டு வருடம் வகுப்பெடுத்தவன், பேச்சுக்கா பஞ்சம். வெள்ளிமலையில் இறங்கி விசாரித்தேன். ஒருவர் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் அலமேலு வீட்டில் விட்டார். அலமேலுவும் அவர் கணவரும் களத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார்கள். கணவர்தான் முதலில் பார்த்தார்.

"ஏ, உங்க சார் வந்துக்கினு கீறாரு பாரு."

உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். நான் ஒத்திகை பார்த்ததையெல்லாம் விட்டுவிட்டு, வாயில் வந்த முதல் பேச்சு இதுதான்: "தேர்வுக்கு மூணு வாரம்கூட இல்ல. இப்படி விட்டுட்டா எப்படி அலமேலு?"

"நான் வுடல சார். படிச்சிக்கினு தான் கீறேன். அங்க வர்றதத்தான் வுட்டேன்."

"அது ஒரு உத்தி அலமேலு. திருத்தறவங்க எப்படி இருப்பாங்கன்னு நமக்குத் தெரியாது. உங்களைக் காப்பாத்தத்தான் சொல்றேன். மனசுல வச்சுக்காதீங்க."

முறத்தைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"சார், இத்தினி நாளா அந்த ஆட்டம் ஆடறோமே. யார் யாரைக் கண்டுபிடிச்சோம்னு எண்ணிப் பாருங்க."

எண்ணிப் பார்த்தேன். பர்வீனை இரண்டு தடவை. திருநாவலூர் பக்கத்துக் காலனியிலிருந்து வந்த ஒருவரை மூன்று தடவை. அவர் பிறகு நின்றுவிட்டார், ஏன் நின்றார் என்று நான் கேட்டதில்லை. இப்போது அலமேலு. வேறு பெயர் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"தனசேகரை ஒருவாட்டியாவது கண்டுபிடிச்சிக்கிறோமா சார்? அவன் நல்லா மறைச்சி எழுதறதாலயா? இல்லன்னா அவனை மாதிரியே நெறைய பேர் கீறதால தெரியலயா?"

கணவர் மெதுவாக, "வுடேன், சார் தூரத்துலர்ந்து வந்துக்கிறாரு" என்றார். அலமேலு அவரைப் பார்க்கவும் இல்லை.

"என் தாள்ல தப்பு இருந்தா சொல்லுங்க சார். நான் யாருன்னு தெரியறதா தப்பு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது, அந்தத் தாளை விடையாக நான் படிக்கவே இல்லை என்று. ஆளைக் கண்டுபிடிக்கப் படித்திருக்கிறேன், அவ்வளவுதான். அங்கேயே கேட்டு வாங்கிப் படித்தேன். தப்பு இருந்தது. அரசியலமைப்புப் பிரிவு ஒன்றுகூட இல்லை. அடையாள அரசியலால் மக்கள் பிளவுபடுகிறார்கள் என்ற எதிர்வாதத்தைத் தொடவே இல்லை. முடிவுரை அவசரம். இதையெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்லப் பேனா எடுத்து ஓரத்தில் குறித்துக்கொண்டார். "இப்ப எவ்ளோ போடுவீங்க?" என்றார். ஒன்பது என்றேன். "அப்ப நாலு?" என்றார். அது தப்பு, மன்னித்துவிடுங்கள் என்றேன். இதை மலை ஏறிய உடனே சொல்லியிருக்கலாம். ஒரு மணி நேரம் கழித்துத்தான் வாய் வந்தது.

"நாளைக்கி வரேன் சார். ஆனா வந்தவொடனே அந்த ஆட்டத்தை ஒருவாட்டி ஆடணும். தாள் நான் கொண்டாறேன், நானே படிக்கறேன்."

சரி என்றேன். திருத்தி எழுதிய தன் விடையைத்தான் படிக்கப்போகிறார், இந்த முறை கண்டுபிடித்தாலும் தலை நிமிர்ந்து நிற்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை வகுப்பில் அலமேலு எழுந்து வந்து பலகைக்குப் பக்கத்தில் நின்றார். கையில் மடித்த தாள். "யாருன்னு சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படித்தார். நிதானமான விடை. முன்னுரை, பிரிவுகள், இரண்டு தரப்பு வாதம், சமநிலையான முடிவுரை. படித்து முடித்தார். வகுப்பு யோசித்தது. யாரும் கை தூக்கவில்லை.

தனசேகர், "ஆளே தெரியல அக்கா. இது நல்ல ஆன்சர். பத்துக்கு மேல போடலாம்" என்றான்.

"எனக்குத் தெரியுது" என்றார் அலமேலு. "எழுதனது ஆம்பள. சமவெளிக்காரர். நெலம் இருக்கற குடும்பம். அவரு வூட்டு நெலத்துக்கு மலையிலர்ந்து கூலிக்கு ஆள் வந்திருப்பாங்க."

சில பேர் தனசேகரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எப்டி அக்கா?" என்று கேட்டது பர்வீன்.

தாளைப் பிரித்து விரல் வைத்துக் காட்டினார். "'மலைவாழ் மக்களைப் பிரதான நீரோட்டத்தில் இணைக்க வேண்டும்.' அப்டின்னா இவரு ஏற்கெனவே அதுல கீறாரு, எங்களத்தான் வரச் சொல்றாரு. 'பொதுமக்களுக்கும் பட்டியல் சமூகத்தினருக்கும் இடையே உரசல்.' அப்ப பட்டியல் சமூகத்துக்காரங்க பொதுமக்கள் இல்லியா? 'மலையிலிருந்து வந்துகொண்டிருந்த ஆட்கள் வராததால் விவசாயிகள் பாதிக்கப்படுகிறார்கள்.' வந்தவங்க மலையில இன்னா பண்ணிக்கினு இருந்தாங்க, அதுக்குப் பேர் விவசாயம் இல்லியா? அப்பறம் கடைசியா, 'இதில் பெண்களும் அடங்குவர்.' பொம்பள எழுதியிருந்தா அந்த 'உம்' வந்திருக்காது."

தனசேகர் மேசைக்குள்ளிருந்து தன் கோப்பை எடுத்துப் புரட்டினான். ஒரு பக்கத்தில் நின்றான். என்னை ஒரு தடவை பார்த்தான்.

"சார், இது நீங்க குடுத்த மாதிரி விடை."

ஆமாம். நான் எழுதியது. நகல் எடுத்து முப்பது பேருக்கும் கொடுத்தது. இரண்டு வருடமாக எல்லோரும் அதே சாயலில் எழுதிப் பழகியதால், எழுதிய எனக்கே அது தனியாகத் தெரியவில்லை.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒரு மாணவி, என் வகுப்பில், என் தாளை வைத்து என்னை நிறுத்திக் கேட்கிறார் என்ற கோபம். நேரமாகிறது, உட்காருங்கள், பாடத்தைப் பார்ப்போம் என்ற வார்த்தைகள் நாக்கு நுனி வரை வந்துவிட்டன. சொல்லியிருந்தால் யாரும் எதுவும் பேசியிருக்கமாட்டார்கள். கள்ளக்குறிச்சியில் வாத்தியாரை எதிர்த்துப் பேசுகிற வழக்கம் இன்னும் அவ்வளவாக வரவில்லை. அலமேலுவும் உட்கார்ந்திருப்பார், மறுநாள் வந்திருக்கமாட்டார். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதனால்தான் வாயை அடக்கினேன், பெருந்தன்மையால் அல்ல.

"அவங்க சொன்னது அத்தனையும் சரி" என்றேன். "எங்க அப்பா காலத்துல கரும்பு வெட்ட மலையிலர்ந்து ஆள் வருவாங்க. பத்து பதினைஞ்சு நாள் எங்க மோட்டார் கொட்டாய்லதான் தங்குவாங்க. அவங்க பேர் ஒண்ணுகூட எனக்குத் தெரியாது. மலையாளுங்கன்னுதான் சொல்லுவோம்." பிறகு பலகைப் பக்கம் திரும்பி, அந்த மாதிரி விடைக்கு வகுப்பையே மதிப்பெண் போடச் சொன்னேன். பர்வீன்தான் கடைசியில் "ஆறு சார்" என்றார். ஆறு என்று எழுதினேன்.

அன்றோடு அந்த ஆட்டம் நின்றது. மீதி இருந்த நாட்களில் வேறு மாதிரி வேலை செய்தோம். 'பொதுமக்கள்' என்று எழுதினால் அது யார் யார் என்று எழுதியவரே சொல்ல வேண்டும். 'அவர்கள்' என்று எழுதினால், 'நாம்' யார் என்று சொல்லிவிட்டு எழுத வேண்டும். தன் அனுபவத்திலிருந்து ஒரு எடுத்துக்காட்டு எழுதலாம், ஆனால் கூடவே ஒரு சட்டப் பிரிவோ தீர்ப்போ நிற்க வேண்டும். தனக்குப் பிடிக்காத தரப்பின் வாதத்தை அவர்களே ஒப்புக்கொள்கிற மாதிரி எழுதிக் காட்ட வேண்டும். சாதிச் சங்கத்தை ஆதரித்தே இத்தனை காலமும் எழுதிவந்த ஒருவர் எதிர்த்து எழுதிக் காட்டினார். அலமேலு பிளவு வாதத்தை எழுதியபோது எனக்கே கொஞ்சம் ஆட்டம் கண்டது, அவ்வளவு நன்றாக இருந்தது. தனசேகர்தான் திணறினான். தன்னைப் பற்றி ஒரு வரி எழுதச் சொன்னால் எழுதத் தெரியவில்லை. "எனக்கு எழுத ஒண்ணுமே இல்ல சார், நாங்க சாதாரணமா தான் கீறோம்" என்றான். அலமேலு அவனிடம், "அதையே எழுது தம்பி. சாதாரணமா இருக்கறதுன்னா இன்னான்னு எழுது" என்றார். எழுதினான். அவன் எழுதியதிலேயே அதுதான் உருப்படி.

அவன் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டதையும் பார்த்தேன். "அக்கா, அன்னிக்கி தப்பா பேசிட்டேன்." அவர், "கண்டுபிடிக்கச் சொன்னாங்க, நீ கண்டுபிடிச்ச. போ, போய்ப் படி" என்றார். கட் ஆஃப் பற்றிப் பேசியது யார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த ஆள் மன்னிப்புக் கேட்டாரா என்பதும் தெரியாது.

தேர்வு நடந்தது. அடையாள அரசியலை ஒட்டி ஒரு கேள்வி வந்திருந்தது. வெளியே வந்த அலமேலு, "நான் யாருன்னு தெரிஞ்சே எழுதிக்கிறேன் சார், பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வெள்ளிமலைப் பேருந்துக்கு ஓடினார்.

இதுவரை கேட்டதும், சார் ஒரு தப்பு செய்தார், திருத்திக்கொண்டார், எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைப்பீர்கள். நானும் முடிவு வரும் வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வகுப்பு மாறியது, விடைகள் மாறின, பர்வீனின் தாளில் மறுபடியும் ஆள் தெரிந்தார். எனக்கு எல்லாம் லாபம்தான்.

முடிவு வந்த அன்று தனசேகர் போன் செய்தான். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருந்தது. பிறகு வேலையும் கிடைத்தது, இப்போது நல்ல பதவியில் இருக்கிறான். அன்று வந்த பட்டியலை மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று மூன்று தடவை பார்த்தேன். அலமேலுவின் எண் இல்லை. மதிப்பெண்கள் வெளியான பிறகு நானே போன் செய்தேன். இந்தத் தடவை எடுத்தார்.

"பார்த்தேன் சார். கொஞ்சத்துல போச்சு."

"எந்தத் தாள்ல?"

"அரசியலமைப்பு, சமூகம் வந்த தாள்ல தனசேகரை விட எனக்கு ஜாஸ்தி சார். அவனே போன் பண்ணி கேட்டுட்டு சொன்னான். பொருளாதாரம் வந்த தாளுதான் கம்மி. அதுல வந்த மூணு கேள்வி எனக்குப் புதுசாவே இருந்துச்சு."

எனக்குப் புதிதில்லை. அந்த மூன்றையும் வகுப்பில் எழுதவைத்துத் திருத்தியிருந்தேன். எந்த வாரம் என்று பதிவேட்டைப் பார்க்காமலே தெரிந்தது. சொல்லாமல் போனை வைத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது.

"அலமேலு, நீங்க வராத பதினொரு நாள்லதான் பொருளாதாரம் முழுக்க நடத்தி முடிச்சேன்."

"தெரியும் சார். பரீட்சை முடிஞ்சப்புறம் பர்வீன் நோட்டைப் பார்த்தேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பக்கம் தட்டுகள் மோதும் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன.

"விடுதியில சாப்பாட்டு மணி அடிச்சிட்டாங்க சார். புள்ளைங்க தட்டு வெச்சிக்கினு நிக்குதுங்க. வெச்சிடறேன்."